சின்ன மென்பொருளுக்கு இவ்வளவு பக்கேஜ் தேவையா?

கரடிப்போக்குப் பொடியன்:
கிளிநொச்சிப் பக்கம் ஓர் அரிசி ஆலைக்கு நெல் கொள்வனவு மென்பொருள் எழுதுகிறேன். விவசாயி பெயர், நெல் இனம், ஈரப்பதன், மூட்டை, காசு, இவ்வளவுதான். நான் சேர்த்தது சில லைப்ரரிகள் (பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரல்கள், பக்கேஜ்கள்), ஆனால் அவற்றை இறக்கித் தரும் கருவியான என்.பி.எம், அவை நம்பியிருப்பவற்றையும் சேர்த்துக் கொண்டு வந்து குவிப்பது நூற்றுக்கணக்கில். புது மடிக்கணினியில் திரும்ப நிறுவியபோது ஏதோ ஒன்றின் புதுப் பதிப்பு இறங்கி, பிடிஎஃப் பற்றுச்சீட்டில் நெல் என்பதன் கொம்பு ந-வுக்குப் பின்னால் போய் நிற்கிறது. எல்லாவற்றையும் தூக்கிவிட்டு நானே எழுதினால் என்ன?

மாங்குளத்தான்:
தம்பி, எந்தப் பக்கேஜின் எந்தப் பதிப்பு என்று எழுதிவைக்கும் லொக் கோப்பை, நிரலின் மாற்றங்களைச் சேமிக்கும் கிட்டில் (git) சேர்த்தீரா? அது இருந்தால் 'என்பிஎம் சிஐ' கட்டளை அதே பதிப்புகளைத்தான் இறக்கும். மற்றபடி சின்னச் சின்ன பக்கேஜ்களை நீர் தூக்கிவிடலாம். 2016 மார்ச்சில் ஒருத்தர் தன் பக்கேஜ்களைத் திரும்ப எடுக்க, அதில் லெஃப்ட்-பாட் என்ற 11 வரித் துண்டு இல்லாமல் உலகம் முழுக்க பில்ட் (நிரலை மென்பொருளாகக் கட்டும் வேலை) விழுந்தது. சொல்லுக்கு இடப்பக்கம் வெற்றிடம் நிரப்புகிற வேலை, இன்றைக்கு ஜாவாஸ்கிரிப்டிலேயே இருக்கிறது.

முறிகண்டிக் கச்சான்:
சின்னது சரி, ஆனால் தமிழ் எழுத்தைக் கோப்பதை நீங்களே எழுதப் போகாதீர்கள். யூனிகோடில் ந முதல், கொம்பு பிறகு. காட்டும்போது கொம்பு முன்னுக்கு வரவேணும். குரோம், ஃபயர்ஃபொக்ஸ், அண்ட்ரொய்ட் எல்லாமே இதற்கு ஹார்ஃப்பஸ் என்ற எழுத்துக் கோக்கும் லைப்ரரியைத்தான் நம்பி இருக்கின்றன. நேரமும் அப்படித்தான். 1996இல் அரசாங்கம் மணிக்கூட்டை முன்தள்ளி, 2006 ஏப்ரலில் திரும்ப ஐந்தரைக்கு (கிரீன்விச் நேரத்துக்கு ஐந்தரை மணி முன்) கொண்டுவந்தது, புலிகள் இயக்கத்தின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னியோ இடையில் ஐந்தரையை விடவே இல்லை. கணினிகள் பாவிக்கிற நேர வலயத் தரவுக் கோப்பில் இது குறிப்பாகவே கிடக்கிறது, அந்தப் பகுதியார் கொல்கத்தா நேரத்தை வைக்கலாம் என்று! இதையெல்லாம் ஒரு ஆள் உட்கார்ந்து எழுதி முடிக்கேலாது.

ஒட்டுசுட்டான்:
லொக் போட்டுவிட்டு மறந்து போவதும் ஆபத்து. 2021 டிசம்பரில் லொக்ஃபோர்ஜே என்ற ஜாவா லைப்ரரியில் பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தபோது அன்றைய புதுப் பதிப்பிலும் அது இருந்தது, திருத்தம் வந்த பிறகும் பழைய பதிப்போடு படுத்திருந்தவர்கள் ஆபத்தில் கிடந்தார்கள். அதற்காக வந்த அன்றைக்கே புதியதை ஏற்றவும் வேண்டாம். 2024இல் எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கும் மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு வைத்தது வெளியாள் இல்லை, இரண்டு வருசத்துக்கு மேல் பொறுமையாக வேலை செய்து பராமரிப்பாளர் ஆனவர். எஸ்எஸ்எச் (தூரத்துக் கணினிக்குள் பாதுகாப்பாக நுழையும் வழி) நுழைவு அரைச் செக்கன் பிந்துவது ஏன் என்று ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற மென்பொருளாளர் கிண்டப் போய்த்தான் அகப்பட்டது. பாதுகாப்புத் திருத்தம் என்றால் உடனே, மற்றதெல்லாம் சில கிழமை ஆறப் போட்டு.

கரடிப்போக்குப் பொடியன்:
லொக் கோப்பு பழைய மடிக்கணினியில் இருக்கிறது, கிட்டில் போடுகிறேன். ஆனால் இந்தப் புதுப்பிப்பு வேலைக்கு ஆலைக்காரர் காசு தருவாரா அண்ணை?

மாங்குளத்தான்:
பராமரிப்புக்குத் தனிக் கட்டணம் என்று இப்போதே எழுதி வாங்கும். வருசத்துக்கு இரண்டு தரம், காலபோகமும் சிறுபோகமும் முடிந்த கையோடு. அறுவடை நேரம் லொறி வரிசையில் நிற்கும்போது ஒன்றையும் தொடாதீர்.