நியூசிலாந்துக் குளிர்காலத்துக்கு 10,000 வெள்ளிக்குள் பழைய ஆல்-வீல்-டிரைவ் கார்: எதைப் பார்ப்பது?

தெம்பனிஸ்_வாசி எழுதியது:

வணக்கம். ஏப்ரல் கடைசியில் நானும் வீட்டுக்காரரும் வேலைக்காக நியூசிலாந்தின் தென்தீவுக்குப் போகிறோம். தங்கப்போவது டுவைசல். வேலையிடம் ஓமராமாவுக்கு அப்பால். கடைசி 6 கிலோமீட்டர் ஜல்லிச் சாலை. மாதம் இரண்டு தடவை லிண்டிஸ் கணவாயைத் தாண்டி குரோம்வெல் வரை போக வேண்டிவரும்.

கையில் 10,000 நியூசிலாந்து வெள்ளி. இருவருமே இதுவரை ஓட்டியது சிங்கப்பூரின் முன்சக்கர இழுவைக் கார்கள்தான். ஃபாரஸ்டர், ரேவ்4, எக்ஸ்-டிரெயில், சுசுக்கி எஸ்எக்ஸ்4 ஆகிய நான்கையும் குறித்து வைத்திருக்கிறோம். எதை எடுக்கலாம்? ஆல்-வீல் (நான்கு சக்கரத்துக்கும் எஞ்சின் சக்தி போவது) இருக்கும்போது குளிர்கால டயரும் தனியாக வேண்டுமா? விளம்பரங்களில் எல்லாமே 12 முதல் 15 வயது, 150,000 கிலோமீட்டர் ஓடியவை. நம் ஊரில் பத்து வருடம் என்றாலே சிஓஇ (கார் வைத்திருக்கும் உரிமம்) முடிந்துவிடும், அதனால் பயமாக இருக்கிறது.

---

தென்தீவுச்_சாலை எழுதியது:

வயதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சிங்கப்பூரில் காரின் ஆயுளைத் தீர்மானிப்பது சிஓஇ, அங்கே பராமரிப்பு. 15 வயதுக் கார் அங்கே அன்றாடக் காட்சி.

முதலில் பணத்தைப் பிரியுங்கள். காருக்கு 8,000க்கு மேல் போகாதீர்கள். மிச்சம் 2,000 டயர், சங்கிலி, பேட்டரி, எண்ணெய்களுக்கு. முழுப் பணத்தையும் காரிலேயே போட்டுவிட்டு தேய்ந்த டயரோடு ஜூன் மாதத்தைச் சந்திப்பதுதான் புதிதாகப் போகிறவர்கள் செய்யும் பெரிய தவறு.

ஆல்-வீல் என்ன செய்யும், என்ன செய்யாது என்பதில் தெளிவு வேண்டும். வண்டியைக் கிளப்பும், மேட்டில் ஏற்றும். பிரேக் பிடிக்கும்போது அதனால் ஒரு பலனும் இல்லை. எல்லாக் காருக்கும் நான்கு சக்கரத்திலும்தான் பிரேக். நிறுத்துவது டயர் ரப்பர். ஆல்-வீல் வண்டி பனிக்கட்டியிலும் வழுக்காமல் வேகம் எடுத்துவிடுவதால், சாலை எவ்வளவு வழுக்கலாக இருக்கிறது என்பது முதல் வளைவில் பிரேக்கைத் தொடும்போதுதான் தெரியவரும். ஆகவே குளிர்கால டயர் கண்டிப்பாக வேண்டும்.

இப்போது மாடல்கள்.

உங்கள் பாதைக்கு என் முதல் தேர்வு ஃபாரஸ்டர். ஆனால் எந்த ஃபாரஸ்டர் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. ஜப்பானிலிருந்து வந்த எஸ்எச் வகை (2008–2012) 2.0 லிட்டரில், 2010 அக்டோபருக்கு முந்தையவற்றில் ஈஜே20 எஞ்சின், டைமிங் பெல்ட் (வால்வுகளை இயக்கும் ரப்பர் பட்டை, காலக்கெடுவில் மாற்ற வேண்டும்). அதற்குப் பிந்தையவற்றில் எஃப்பி20, டைமிங் செயின். 2012 கடைசி வரை இரண்டுக்கும் பழைய 4 கியர் ஆட்டோதான். சிவிடி (தனித்தனிக் கியர் இல்லாத ஆட்டோ) வந்தது அடுத்த தலைமுறையில். ஆக 2010 கடைசி முதல் 2012 வரையிலான ஜப்பான் இறக்குமதியில் செயினும் உண்டு, சிவிடி கவலையும் இல்லை. பானெட்டைத் திறந்தால் ஆயில் ஃபில்டர் மேலேயே தெரிந்தால் எஃப்பி. ஈஜேயில் அது அடியில் இருக்கும். ஆரம்பகால எஃப்பி எஞ்சின்களில் சில எண்ணெய் குடிக்கும். டிப்ஸ்டிக்கில் (எண்ணெய் அளவு பார்க்கும் கம்பி) குறைந்தபட்சக் கோட்டுக்குக் கீழே இருந்தால் விட்டுவிடுங்கள்.

நியூசிலாந்திலேயே புதிதாக விற்ற 2.5 லிட்டர் ஈஜே25 மலிவாகக் கிடைக்கும். ஹெட் கேஸ்கட் (எஞ்சின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடு) கசிவு அதற்குத் தெரிந்த நோய். பெல்ட்டை 100,000 கிலோமீட்டரில், வாட்டர் பம்ப், டென்ஷனர், ஐட்லர் எல்லாவற்றோடும் சேர்த்து மாற்றியதற்கு ரசீது கேளுங்கள். அறுந்தால் வால்வு வளைந்து எஞ்சினே போய்விடும். டர்போ மாடல்கள் இந்தப் பட்ஜெட்டில் வேண்டாம்.

ரேவ்4 (2006–2012) உறுதியான வண்டி. சாதாரண ஓட்டத்தில் முன்சக்கர இழுவை. முன்சக்கரம் வழுக்கும்போது மின்னணு கப்ளிங் (இணைப்புக் கிளட்ச்) பின்னுக்குச் சக்தியைத் தள்ளும். பின்சக்கரத்தையும் சேர்த்தே இணைத்து வைக்கும் லாக் பொத்தான் வேலை செய்வது 40 கிலோமீட்டர் வேகம் வரைதான். 2.4 லிட்டர் 2ஏஇசட் எஞ்சினில் எண்ணெய் குடிக்கும் பழக்கம் பரவலாகத் தெரிந்த ஒன்று.

எஸ்எக்ஸ்4ஐ பலரும் கண்டுகொள்வதில்லை, அதனாலேயே விலை குறைவு. செயின் எஞ்சின், சின்ன டயர், மலிவான பாகங்கள், 2டபிள்யூடி (இரு சக்கர இழுவை)–ஆட்டோ–லாக் என்று மூன்று நிலைச் சுவிட்ச். தரை உயரம் மட்டும் ஃபாரஸ்டரை விடக் குறைவு. 6 கிலோமீட்டர் ஜல்லிக்குப் போதும்.

எக்ஸ்-டிரெயில் டி31இல் சிவிடி. பராமரிப்பு வரலாறு முழுதாக இல்லையென்றால் தொடாதீர்கள்.

இன்னொன்று. "4டபிள்யூடி" என்று ஸ்டிக்கர் ஒட்டிய சின்ன நிசான் மார்ச் போன்றவை கண்ணில் படும். அவற்றின் பின்சக்கரத்தைச் சுற்றுவது ஒரு சிறு மின்மோட்டார். 30 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் அது ஓய்ந்துவிடும். வீட்டு வாசலிலிருந்து கிளம்ப உதவும், லிண்டிஸுக்கு அல்ல.

டீசல் வேண்டாம். கிலோமீட்டர் கணக்கில் சாலைப் பயன்பாட்டுக் கட்டணம் தனி. முந்தையவர் கட்டாத பாக்கியும் வண்டியோடு உங்கள் தலையில் விழும்.

---

உபி_பட்டறை எழுதியது:

அண்ணன் சொன்ன ஃபாரஸ்டர் ஆண்டுக்கணக்கு சரி. வாங்கும் இடத்தில் செய்ய வேண்டிய சோதனையை நான் சொல்கிறேன்.

பழைய ஆல்-வீலில் விலையுயர்ந்த பழுது எஞ்சினில் வருவதைவிட, முன்னும் பின்னும் சக்தியைப் பிரிக்கும் கிளட்சில்தான் அதிகம் வருகிறது. காரணம் பெரும்பாலும் டயர். நான்கு டயரின் சுற்றளவும் ஒன்றாக இல்லாவிட்டால் நேர்சாலையிலும் முன் அச்சும் பின் அச்சும் வெவ்வேறு வேகத்தில் சுற்றும். அந்த வித்தியாசத்தைக் கிளட்ச் ஓயாமல் உரசி விழுங்கும், சூடேறும், கருகும். சுபாரு சொல்லும் வரம்பு சுற்றளவில் 6 மில்லிமீட்டர் சொச்சம். டிரெட் (டயரின் பள்ளம்) ஆழத்தில் 1 மில்லிமீட்டர் வித்தியாசமே சுற்றளவில் 6.28 மில்லிமீட்டர் ஆகிவிடும். சிங்கப்பூரில் முன்டயர் இரண்டை மட்டும் மாற்றிப் பழகியவர்கள் இதைக் கட்டாயம் மனதில் வைக்க வேண்டும். ஆல்-வீலில் நான்கும் ஒரே பிராண்டு, ஒரே மாடல், ஒரே தேய்மானம். 10,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை இடம் மாற்றிப் போடுங்கள்.

ஒரு டிரெட் ஆழமானி கொண்டுபோய் நான்கிலும் உள், நடு, வெளி மூன்று இடத்திலும் அளவெடுங்கள். டயர் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 3819 என்றால் 2019இன் 38ஆவது வாரம். குளிர்கால டயர் பார்க்கப் புதிதாக இருந்தாலும் ஏழெட்டு வயது தாண்டினால் ரப்பர் இறுகிவிடும்.

அடுத்து ஓட்டிப் பார்ப்பது. 15 நிமிடம் ஓட்டி கியர்பாக்ஸ் சூடான பிறகு, காய்ந்த தார்த் தரையில் ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பி, நடக்கும் வேகத்தில் இரு பக்கமும் வட்டமடியுங்கள். வண்டி யாரோ பின்னாலிருந்து இழுப்பதுபோல் திணறினாலோ, விட்டுவிட்டுக் குதித்தாலோ கிளட்ச் பிடித்துக்கொண்டிருக்கிறது. பழைய 4 கியர் சுபாரு பலவற்றில் பானெட்டுக்கு அடியில் எஃப்டபிள்யூடி என்று எழுதிய காலி ஃபியூஸ் இடம் உண்டு. அதில் ஒரு ஃபியூஸைச் செருகினால் வண்டி முன்சக்கர இழுவைக்கு மாறும்; அப்போது திணறல் நின்றால் கோளாறு எங்கே என்பது உறுதி. ஸ்பேர் டயர் சின்ன அளவாக இருந்தால் அதை மாட்டி ஓட்டும்போதும் இதே ஃபியூஸ்தான் கிளட்சைக் காப்பாற்றும்.

ஹோண்டா சிஆர்-வி கண்ணில் பட்டால்: அதே வட்டத்தில் பின்னாலிருந்து முனகல் கேட்டால் பயப்பட வேண்டாம். பின் டிஃபரன்ஷியலில் (பின் அச்சின் பல்சக்கரப் பெட்டி) ஹோண்டாவின் டூயல்-பம்ப் எண்ணெய் ஒன்றரை லிட்டருக்குள் மாற்றினால் பெரும்பாலும் அடங்கிவிடும். வேறு எண்ணெய் ஊற்றினால் திரும்ப வரும்.

ஹெட் கேஸ்கட்டுக்கு: எஞ்சின் முழுக்க ஆறியிருக்கும்போது போய்ப் பாருங்கள். விற்பவர் முன்கூட்டியே சூடேற்றி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள். பிளாக்கும் ஹெட்டும் சேரும் கீழ்விளிம்பில் எண்ணெய் ஈரம், ஓடி முடித்தபின் கூலண்ட் தொட்டியில் விடாமல் குமிழி: இரண்டும் கெட்ட அறிகுறி. சந்தேகமென்றால் நீல ரசாயனச் சோதனை செய்யச் சொல்லுங்கள். திரவம் மஞ்சளானால் எஞ்சினில் எரிந்த வாயு கூலண்டுக்குள் போகிறது.

ஜப்பானின் பனிப்பகுதியில் ஓடிய வண்டிகளுக்கு அடித்தளத்தில் துரு இருக்கும். அங்கே சாலையில் உப்பு தூவுவார்கள். மேல்பெயின்ட் பளபளப்பதைப் பார்த்து ஏமாறாமல், பின் சஸ்பென்ஷன் தாங்கிகளையும் பக்கவாட்டு சில் விளிம்பையும் டார்ச் அடித்துப் பாருங்கள்.

---

தெம்பனிஸ்_வாசி எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. டயர் விஷயம் இவ்வளவு முக்கியம் என்று தெரியாது. குளிர்கால டயர் என்றால் எந்த வகை? கூலண்ட், பேட்டரி பற்றியும் சொல்லுங்களேன். சங்கிலியைக் கையில் தொட்டதே இல்லை.

---

தென்தீவுச்_சாலை எழுதியது:

பக்கவாட்டில் மூன்று சிகரம், நடுவே பனித்துகள் படம் போட்ட டயர் வேண்டும். வெறும் எம்+எஸ் (சேறும் பனியும்) எழுத்து போதாது. அது டிரெட் வடிவத்தைப் பற்றியது, குளிரில் ரப்பர் எப்படி இருக்கும் என்று சொல்வதில்லை. 7 டிகிரிக்குக் கீழே சாதாரண டயர் இறுக ஆரம்பிக்கும். உங்களுக்கு, ஆண்டு முழுக்க ஓட்டத்தக்க, அந்தச் சின்னம் உள்ள ஆல்-சீசன் டயரே ஏற்றது. ஜப்பானிய ஸ்டட்லெஸ் (ஆணி இல்லாத முழுக் குளிர்கால) டயர் பனிக்கட்டியில் அதைவிடப் பிடிக்கும், ஆனால் கோடையில் வேகமாகக் கரையும், மழையில் பிடிப்பு குறையும். ரிம்மோடு இரண்டாவது செட் வாங்க முடிந்தால் மட்டும் அது. நியூசிலாந்துச் சட்டத்தில் சாதாரண டயருக்கு 1.5 மில்லிமீட்டர் டிரெட் போதும். குளிர்கால டயருக்கு 4 வேண்டும், நான்கு சக்கரத்திலும் அதே வகை இருக்க வேண்டும்.

கூலண்ட் விஷயத்தில் நம் ஊர்ப் பழக்கத்தை இங்கேயே விட்டுவிடுங்கள். குறைந்தால் குழாய்த் தண்ணீர் ஊற்றுவது சிங்கப்பூரில் உடனே எதையும் கெடுக்காது. ஓமராமா அருகிலுள்ள டாரா ஹில்ஸில் 2015 ஜூனில் மைனஸ் 21 டிகிரி பதிவானது. 30 விழுக்காடு கலவை மைனஸ் 15 சுமாருக்குத்தான் தாங்கும். பாதிக்குப் பாதி என்றால் மைனஸ் 37. வாங்கிய வாரமே சோதிக்கச் சொல்லுங்கள். உறைந்தால் பிளாக்கே வெடிக்கும். கண்ணாடி கழுவும் தொட்டியிலும் வெறும் தண்ணீர் கூடாது.

பேட்டரி மைனஸ் 18இல் ஏறக்குறைய பாதிச் சக்திதான் தரும். ஐந்து வயதைத் தாண்டியிருந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள். சிசிஏ எண் (குளிரில் கிளப்பும் திறன்) கையேட்டில் சொன்னதற்குக் குறையக் கூடாது. அந்த எண் மைனஸ் 18இல் அளந்ததுதான்.

இரவு நிறுத்தும்போது சமதரையில் பி-யில் போட்டு ஹேண்ட்பிரேக்கை விட்டுவிடுங்கள்; இழுத்தால் ஈரம் உறைந்து ஒட்டிக்கொள்ளும். வைப்பரைத் தூக்கி வையுங்கள். காலையில் கண்ணாடியில் சுடுநீர் ஊற்றவே கூடாது, விரிசல் விடும்.

சங்கிலி: டயர் அளவைச் சொல்லி வாங்குங்கள். ஃபாரஸ்டருக்கும் ரேவ்4க்கும் முன்சக்கரங்களில். மே மாதமே வீட்டு வாசலில் மூன்று தடவை மாட்டிக் கழற்றிப் பழகுங்கள். சாலையில் என்றால் ஒதுங்குமிடத்தில் நிறுத்தி, விரித்து டயர் மேல் போட்டு, முதலில் உள்பக்கக் கொக்கி, பிறகு வெளிப்பக்கம் மாட்டி இறுக்குங்கள். சில மீட்டர் உருட்டி மறுபடி இறுக்க வேண்டும். இதை விட்டால் தளர்ந்த சங்கிலி பிரேக் குழாயை அடிக்கும். வேகம் 40ஐத் தாண்டாதீர்கள், பனி இல்லாத தார் வந்ததும் கழற்றுங்கள். ரப்பர் கையுறை, தலைவிளக்கு, முழங்காலுக்கு ஒரு பழைய பாய் மூன்றையும் பின்னால் போட்டு வையுங்கள். லிண்டிஸின் உச்சி 971 மீட்டர். நிழல் விழும் வளைவுகளிலும் பாலங்களிலும் காலை பத்து மணிக்குக்கூட கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டிப் படலம் இருக்கும்.

---

தெம்பனிஸ்_வாசி எழுதியது:

ஒன்று பார்த்தோம். டிமரு, தனியார் விற்பனை. 2011 ஃபாரஸ்டர் 2.0, ஜப்பான் இறக்குமதி, 148,000 கி.மீ., கேட்பது 8,200. முன்டயர் இரண்டும் புதுசு, 8 மி.மீ.; பின்டயர் வேறு பிராண்டு, 4 மி.மீ. டபிள்யூஓஎஃப் (வாகனத் தகுதிச் சான்று) எடுத்து ஐந்து மாதம்.

---

உபி_பட்டறை எழுதியது:

டிரெட்டில் 4 மில்லிமீட்டர் வித்தியாசம் என்றால் சுற்றளவில் 25. வரம்பைப்போல் நான்கு மடங்கு. எத்தனை கிலோமீட்டர் இப்படி ஓடியது என்று கேளுங்கள், டயர்க் கடை ரசீதில் தேதி இருக்கும். வட்டச் சோதனையில் கொஞ்சம் திணறினாலும் வேண்டாம். சுத்தமாகத் தேறினால் மட்டும் மேற்கொண்டு பேசலாம்: நான்கு டயர் விலையை அப்படியே கழிக்கச் சொல்லுங்கள், ஏனென்றால் அந்தப் புது இரண்டும் உங்களுக்குப் பயன்படாது.

---

தென்தீவுச்_சாலை எழுதியது:

டபிள்யூஓஎஃப் நம் ஊர் விக்கோம் வாகனப் பரிசோதனை மாதிரி. கைமாறும்போது அது ஒரு மாதத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். விற்பவர் இருக்கிறபடியே வாங்குவதாக எழுதித் தரக் கேட்டால் கையெழுத்துப் போடாதீர்கள், புதிதாக எடுத்துத் தரச் சொல்லுங்கள். அதில் தேறுவது கிளட்சும் கேஸ்கட்டும் நல்ல நிலையில் இருப்பதற்குச் சான்று ஆகாது, ஆகவே ஏஏ அல்லது விடிஎன்இசட் போன்ற வாகனப் பரிசோதனை நிலையத்தில் வாங்குமுன் பரிசோதனை தனியாகச் செய்யுங்கள். வண்டி மேல் கடன் இருக்கிறதா என்று பிபிஎஸ்ஆர் என்ற அடமானப் பதிவேட்டில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். தனியார் விற்பனைக்கு அங்கே நுகர்வோர் உத்தரவாதச் சட்டம் பொருந்தாது. உரிமம் பெற்ற வணிகரிடம் வாங்கினால் பொருந்தும். காப்பீடும் அங்கே கட்டாயமில்லை, ஆனால் எடுக்காமல் சாவியை வாங்காதீர்கள்.