அட்டை விடும் வைத்தியம்: டர்பனில் யாருக்காவது அனுபவம் உண்டா?

வணக்கம் உறவுகளே. சாட்ஸ்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு வயது 71. இடது கணுக்காலுக்கு மேல் நரம்பு சுருண்டு, தோல் கத்தரிக்காய் நிறத்துக்குக் கறுத்துவிட்டது. இரவில் அரிப்புத் தாங்காமல் சீப்பின் பற்களால் சொறிகிறார்.

கோயிலில் யாரோ சொன்னதைக் கேட்டு, அட்டை விட்டுக் கெட்ட இரத்தத்தை எடுத்தே ஆகவேண்டும் என்று பிடிவாதமாக நிற்கிறார். நான் கேலி செய்யவில்லை. இரத்தமோட்சணத்தை, அதாவது கெட்ட இரத்தத்தை வெளியேற்றும் முறையை, பழைய ஆயுர்வேத நூலான சுசுருத சம்ஹிதை விரிவாகவே சொல்கிறது; அட்டையில் ஆறு வகை நஞ்சுள்ளவை, ஆறு நஞ்சற்றவை என்று பிரித்தும் வைத்திருக்கிறது. அமெரிக்காவில்கூட 2004 முதல் மருத்துவ அட்டைக்கு அனுமதி உண்டு. ஆனால் அது ஒட்டுத்தோல் அறுவைக்குப் பின் தேங்கும் இரத்தத்தை வடிப்பதற்கு.

என் பயம் வேறு. அப்பா இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறார். அட்டையின் எச்சிலில் உள்ள ஹிருடினும் இரத்தத்தை உறையவிடாது. இரண்டும் சேர்ந்தால்?

போன வாரம் ஒருவரிடம் போனோம். என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று அவர் கேட்கவே இல்லை. முன்னால் வந்தவரின் காலிலிருந்து விழுந்த அட்டைமேல் மஞ்சள்தூள் தூவி, இரத்தத்தைக் கக்க வைத்து, அதே கண்ணாடிப் புட்டியில் திரும்பப் போட்டார். அப்பாவைக் கையோடு எழுப்பி அழைத்து வந்துவிட்டேன். வழியெல்லாம் அவர் என்னோடு பேசவில்லை.

முறையாகப் பதிவு பெற்ற ஆயுர்வேத மருத்துவர் டர்பன் பக்கம் யாராவது இருக்கிறார்களா? இரத்தம் எடுக்காமலே இந்த அரிப்பு அடங்கியவர்கள் உண்டா? மாத்திரையை நிறுத்திவிட்டுச் செய்யலாம் என்று மட்டும் தயவுசெய்து எழுதாதீர்கள். அப்பாவும் இந்தக் குழுவில்தான் இருக்கிறார்.