டச்சு மலர் ஓவியங்களில் இலைகள் ஏன் நீலமாக இருக்கின்றன?

கேள்வி:
யான் வான் ஹைசம் (1682–1749) வரைந்த மலர் ஓவியங்களைப் பெரிதாக்கிப் பார்க்கிறேன். பூக்கள் உயிரோடு இருக்கின்றன, இலைகள் மட்டும் நீலம் பாய்ந்து கிடக்கின்றன. வேண்டுமென்றே செய்ததா? இப்படிப்பட்ட ஓவியத்தை எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

பதில் 1:
வேண்டுமென்று செய்ததல்ல. பளிச்சென்ற, நிலைத்து நிற்கும் பச்சை நிறமி அன்று அரிது. அதனால் நீலத்தோடு தாவரச் சாய மஞ்சளைக் கலந்தோ, நீலத்தின் மேல் அதை மெல்லிசாகப் பூசியோ பச்சையை வரவழைத்தார்கள். அந்த மஞ்சள் வெளிச்சம் தாங்காது. அது வெளுத்ததும் நீலம்தான் மிச்சம். சிவப்புச் சாயங்களுக்கும் இதே கதிதான்: வான் கோ 1890இல் வரைந்த ரோஜாக்கள் இன்று ஏறக்குறைய வெள்ளை, அவர் கடிதத்திலோ அவை இளஞ்சிவப்பு. ஃபிரேமுக்கு அடியில் வெளிச்சம் படாத ஓரத்தில் பழைய நிறம் தங்கியிருப்பதுண்டு.

பதில் 2:
எடுத்தவுடன் பெரிதாக்காதீர்கள். படத்தைச் சிறிதாக்கி, கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். வெளிறிய இரண்டு மூன்று பூக்கள் நடுவில் ஒளியை வாங்கிக்கொள்ளும், கருஞ்சிவப்பும் ஊதாவும் ஓரத்துக்கு ஒதுங்கும். நடுப்பூவின் இதழ் விளிம்பு கத்தி மாதிரி கூர்மை. நிழலில் உள்ளவற்றின் விளிம்பு பின்னணியில் கரைந்துவிடும். கொத்துக்கு ஆழம் வருவது இதனால்தான். எல்லா விளிம்பையும் ஒரே கூர்மையில் வரைந்தால் பூக்கள் ஒட்டிவைத்த மாதிரி தட்டையாகிவிடும்.

பிறகு ஒரே ஒரு நீர்த்துளிக்குப் போங்கள். ஒளி வரும் பக்கம் துளியின் உள்ளே இருட்டு, அந்த இருட்டில் ஒரு வெள்ளைப் புள்ளி. எதிர்ப்பக்கம் உள்ளே வெளிச்சம், அதையொட்டி வெளியே ஒரு கீற்று நிழல். நாலே தீற்றல்தான், அபாரம்!

பதில் 3:
காம்புகளையும் பின்தொடருங்கள். அத்தனையும் அந்த ஜாடியின் வாய்க்குள் நுழையவே நுழையாது. துலிப் வசந்தத்தில் பூப்பது, பக்கத்தில் இருப்பதோ கோடைப்பூ. ஒவ்வொன்றும் அதனதன் பருவத்தில் பார்த்து வரைந்தது. லண்டன் நேஷனல் கேலரியில் உள்ள வான் ஹைசம் ஓவியம் ஒன்றில் 1736, 1737 என இரண்டு ஆண்டுகள் குறித்திருக்கிறார். துலிப்பில் தீப்பிழம்பு மாதிரி ஓடும் கோடுகளைத் தவறவிடாதீர்கள், அவை ஒரு வைரஸின் வேலை.

பதில் 1:
ஒன்று விட்டுப்போயிற்று. ஓவியத்தின் மேல் பாதுகாப்புக்குப் பூசும் வார்னிஷ் நாளாக நாளாக மஞ்சளாகப் பழுத்துவிடும், அது நீல இலையையும் பச்சையாகக் காட்டும். சுத்தம் செய்வதற்கு முன் எடுத்த படத்தை வைத்து நிறத்தை முடிவு செய்யாதீர்கள். அருங்காட்சியகத்தின் தளத்தில் உள்ள புதிய படத்தோடு ஒப்பிடுங்கள்.