ஒரே சர்வரில் 48 மாணவர்கள்: ஒவ்வொருவரின் லாகினுக்கும் தனி டெம்ப் கோப்புறை தர முடியுமா?

கேள்வி (ஆய்வகப் பொறுப்பாளர், தாம்பரம்)

வணக்கம். தாம்பரம் பக்கத்தில் ஒரு கலை அறிவியல் கல்லூரியின் கணினி ஆய்வகத்தை நான் கவனித்துக்கொள்கிறேன். உபுண்டு நிறுவப்பட்ட ஒரே சர்வர்தான் இருக்கிறது. ஒரு பேட்சுக்கு 48 மாணவர்கள் பழைய கணினிகளிலிருந்து எஸ்எஸ்எச் என்ற தொலை இணைப்பு வழியாக ஒரே நேரத்தில் அதற்குள் நுழைந்து ஷெல் (கட்டளை வரி) நிரல்களும் சி நிரல்களும் எழுதுகிறார்கள்.

சென்ற மாதம் மாதிரிச் செய்முறைத் தேர்வில் ஒரு மாணவியின் திரையில், முன் வரிசையில் இருந்த வேறொரு மாணவரின் பதிவெண்ணோடு மதிப்பெண் பட்டியல் வந்து நின்றது. காப்பி அடித்துவிட்டார் என்று நினைத்து, எல்லோர் முன்னிலும் அவரை எழுப்பி நிற்க வைத்தேன். "நான் டைப் செய்ததை நீங்களே பாருங்கள் மேடம்" என்று அழுதார். பார்த்தேன்; நிரல் முழுவதும் அவருடையதுதான். முடிவை, எல்லோருக்கும் பொதுவான தற்காலிகக் கோப்புறையான டெம்ப்பில் 'ரிசல்ட்' என்ற பெயரில் எழுதும்படி எங்கள் கையேடு சொல்கிறது. முதலில் ஓட்டிய மாணவரின் பெயரில் அந்தக் கோப்பு உருவாகிவிட்டதால், இவர் எழுத முயன்றபோது அனுமதி இல்லை என்று ஷெல் மறுத்திருக்கிறது. அடுத்த வரியில் இருந்த 'கிளியர்' கட்டளை அந்தச் செய்தியைத் திரையிலிருந்து துடைத்துவிட்டது. அதற்கும் அடுத்த 'கேட்' கட்டளை முன்னவரின் கோப்பை அப்படியே காட்டிவிட்டது. அன்றே அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். ஆனால் செய்யாத தவறுக்காக ஒரு பெண் அரை மணி நேரம் நின்றது என் மனத்தை விட்டு நீங்கவில்லை.

கையேட்டைத் திருத்தலாம்தான், இருந்தாலும் வேறு எந்தப் பெயரை எழுதினாலும் இதே சிக்கல் திரும்பி வரும். எல்லோரும் டெம்ப் என்றே எழுத, ஒவ்வொருவருக்கும் அது தனித்தனிக் கோப்புறையாக அமைய வழி உண்டா? டெம்ப்பின் அனுமதியை, எல்லோரையும் படிக்கவும் எழுதவும் விடும் 1777-இலிருந்து மாற்றிப் பார்த்தேன். பல நிரல்கள் நின்றுவிட்டன.

பதில் 1 (சிஸ்டம் அட்மின், பெருங்குடி)

மேடம், முதலில் அந்த அனுமதியை 1777-க்கே திருப்பி வைத்துவிடுங்கள். அதில் முன்னால் நிற்கும் 1, ஒருவர் கோப்பை இன்னொருவர் அழிக்காமலும் பெயர் மாற்றாமலும் காக்கிறது. படிப்பதையோ பெயர் மோதலையோ அது தடுக்காது. உங்கள் சிக்கல் அனுமதியில் இல்லை, 48 பேரும் ஒரே பெயர்வெளியை, அதாவது ஒரே கோப்பு மரத்தைப் பார்க்கிறார்கள் என்பதில்தான் இருக்கிறது.

ஒவ்வொரு லாகினுக்கும் கோப்பு மரத்தைத் தனியாகக் காட்டும் வசதி லினக்ஸ் கெர்னலில் 2.4.19 பதிப்பிலேயே, அதாவது 2002-இலேயே வந்துவிட்டது. மவுண்ட் நேம்ஸ்பேஸ் என்பது அதன் பெயர். லாகின் நேரத்தில் அதை நமக்காகச் செய்துதருவது, லாகினைக் கவனிக்கும் 'பாம்' அமைப்பின் 'பாம் நேம்ஸ்பேஸ்' என்ற மாட்யூல். அது ஒவ்வொரு பயனருக்கும் ஒரு கோப்புறையை உருவாக்கி, அவருடைய பார்வையில் மட்டும் டெம்ப்பின் மேல் அதைப் பொருத்திவிடும். மாணவர் டெம்ப் என்று எழுதுவார், டெம்ப் என்றே பார்ப்பார். பக்கத்து மாணவரின் கோப்பு அங்கே இருக்கவே இருக்காது.

செய்ய வேண்டியது இது. ரூட் (நிர்வாகிக் கணக்கு) பெயரில் 'டெம்ப்-இன்ஸ்ட்' என்று ஒரு கோப்புறையை டெம்ப்புக்கு வெளியே, கோப்பு மரத்தின் வேரிலேயே உருவாக்கி, அதன் அனுமதியை 0000 ஆக்குங்கள். உள்ளே உருவாகும் ஒவ்வொரு மாணவர் கோப்புறையும் பழைய டெம்ப்பைப் போலவே 1777 அனுமதியோடு பிறக்கும். வெளிக்கதவு பூட்டியிருப்பதால்தான் ஒருவர் மற்றவர் அறைக்குப் போக முடியாது. பிறகு 'நேம்ஸ்பேஸ் டாட் கான்ஃப்' கோப்பில் ஒரு வரி: முதலில் டெம்ப்பின் பாதை, அடுத்து டெம்ப்-இன்ஸ்ட் பாதை, மூன்றாவது 'யூசர்' என்ற முறை, கடைசியில் விலக்குப் பெற்றவராக 'ரூட்'. எஸ்எஸ்எச்சுக்கான பாம் கோப்பில் செஷன் வரியாக இந்த மாட்யூலைச் சேர்த்தால் முடிந்தது.

இரண்டாவது பாதையின் முடிவில் சாய்கோடு கட்டாயம் இருக்க வேண்டும். மாட்யூல் அந்தப் பாதையின் பின்னால் பயனர் பெயரை ஒட்டித்தான் கோப்புறையின் பெயரை அமைக்கிறது. சாய்கோடு இல்லையென்றால் வேர்க் கோப்புறையே தாய்க் கோப்புறையாகிவிடும். அதன் அனுமதி 0000 இல்லை என்பதால் மாட்யூல் மறுத்துவிடும், யாருமே உள்ளே வர முடியாது. ஆகவே எல்லாவற்றையும் சோதித்து முடிக்கும் வரை ரூட்டாக ஒரு ஜன்னலைத் திறந்தே வைத்திருங்கள்.

பதில் 2 (சி நிரலாளர், கிண்டி)

முன்னவர் சொன்ன 'யூசர்' முறையையே பின்பற்றுங்கள் மேடம். அதே இடத்தில் 'டெம்ப்டிர்', 'டெம்ப்எஃப்எஸ்' என்று வேறு இரண்டு முறைகளும் உண்டு. லாகின் முடிந்ததும் கோப்புறையையே நீக்கிவிடுவதால் அவை சுத்தமாகத் தோன்றும். ஆனால் அவை ஒவ்வொரு லாகினுக்கும் தனி. ஒரே மாணவர் இரண்டு ஜன்னல்களில் நுழைந்து, ஒன்றில் எழுதும் நிரலையும் மற்றதில் படிக்கும் நிரலையும் ஓட்டி, டெம்ப்பில் உள்ள ஒரு ஃபைஃபோ (ஒரு நிரல் எழுதுவதை மற்றது படிக்கும் குழாய்க் கோப்பு) வழியாகப் பேசவைக்கும் பயிற்சி உங்கள் பாடத்திட்டத்தில் நிச்சயம் இருக்கும். அந்த முறைகளில் இரண்டு ஜன்னல்களும் ஒன்றையொன்று பார்க்காது. இணைப்பு அறுந்து திரும்பி வருபவரால் இணைப்பு அறுந்தாலும் ஓடிக்கொண்டிருக்கும் தம் டீமக்ஸ் அமர்வையும் பிடிக்க முடியாது, ஏனென்றால் அதனோடு இணைவதற்கான சாக்கெட் இருப்பதும் டெம்ப்பில்தான்.

இந்த மாட்யூல் தொடாத ஓர் இடம் இருக்கிறது. நிரல்கள் தமக்குள் தரவு பரிமாறும் மெசேஜ் க்யூ, ஷேர்டு மெமரி பயிற்சிகளில் சாவி எண் 1234, அனுமதி 0666 (எல்லோருக்கும் திறந்தது) என்று கையேட்டில் அச்சிட்டிருந்தால், 48 பேரும் ஒரே வரிசையில்தான் செய்தி போடுகிறார்கள், ஒருவர் போட்டதை இன்னொருவர் எடுத்துவிடுவார். அவை கோப்பு மரத்துக்கு வெளியே இருப்பவை. மவுண்ட் நேம்ஸ்பேஸ் அவற்றைப் பிரிக்காது. சாவியோடு பயனர் எண்ணைக் கூட்டச் சொல்லுங்கள். அனுமதியை 0600 (உரியவருக்கு மட்டும்) ஆக்கச் சொல்லுங்கள். இதை நான் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் கற்றேன்; கல்லூரியிலேயே யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

இன்னொன்று: இந்த மாட்யூலிலேயே, உள்ளூர்ப் பயனர் ஒருவர் ரூட் அதிகாரம் பெற இடம் கொடுத்த ஓட்டை ஒன்று 2025 ஜூனில் வெளியானது, லினக்ஸ் பாம் 1.7.1 பதிப்பில் அதை அடைத்தார்கள். அமைப்பதற்கு முன் சர்வரைப் புதுப்பித்துவிடுங்கள்.

பதில் 3 (ஆசிரியர், அம்பத்தூர்)

'லிப்பாம் டெம்ப்டிர்' என்ற பேக்கேஜை நிறுவினாலே போதும் என்று யாராவது சொல்லக்கூடும். அது டெம்ப்பின் உள்ளே பயனர் எண்ணின் பெயரில் ஒரு கோப்புறையை அமைத்து, அந்தப் பாதையைச் சூழல் மாறியில் வைக்கும். அந்த மாறியைப் பார்த்து நடக்கும் நிரல்களுக்கு நன்று; டெம்ப் என்று நேரடியாக எழுதியிருக்கும் உங்கள் கையேட்டுக்குப் பயன்படாது.

ஒவ்வொருவரின் சொந்தக் கோப்புறையான ஹோம் கோப்புறைகளையும் ஒருமுறை பாருங்கள் மேடம். உபுண்டு 21.04 முதல் புதிய கணக்குகளின் ஹோம் 0750 (உரியவரும் அவர் குழுவும் மட்டும் பார்க்கலாம்) ஆக அமைகிறது. அதற்கு முன் 0755 (எல்லோரும் பார்க்கலாம்). பழைய கணக்குகள் அப்படியே தங்கிவிடும். எங்கள் ஆய்வகத்தில் மாணவர்கள் எல்லோருக்கும் முதன்மைக் குழு ஒன்றே என்று வைத்திருந்தோம்; அதனால் 0750 இருந்தும் ஒருவர் ஹோமை மற்றவர் படித்துக்கொண்டிருந்தார். 0700 ஆக்கிய பிறகே நின்றது.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மிக்க நன்றி. சனிக்கிழமை ஆய்வகம் காலியாக இருந்தபோது செய்தேன். சாய்கோட்டை நானும் விட்டுவிட்டேன். சோதனைக் கணக்கு எதுவும் உள்ளே வரவில்லை, திறந்து வைத்திருந்த ரூட் ஜன்னல்தான் காப்பாற்றியது. திருத்திய பின் இரண்டு கணக்குகளில் நுழைந்து 'ரிசல்ட்' கோப்பை எழுதினேன். இரண்டிலும் அவரவர் கோப்பு மட்டுமே தெரிந்தது. எங்கள் ஹோம்களும் ஒரே குழுவில்தான் இருந்தன, மாற்றிவிட்டேன். மெசேஜ் க்யூ பயிற்சியில் இருந்த சாவி எண், சொன்னால் நம்ப மாட்டீர்கள், 1234-தான்.

திங்கட்கிழமை அந்த மாணவியை அழைத்து, அன்றைய இருக்கையிலேயே அன்றைய நிரலை ஓட்டச் சொன்னேன். அவருடைய பதிவெண் வந்தது. அன்று எழுந்து நின்றபோது இருந்த அதே பேட்ச் முன்னால், தவறு சர்வர் அமைப்பில் இருந்தது என்று சொன்னேன்.

ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம். தேர்வு முடிந்ததும் வெளித் தேர்வாளர் பார்ப்பதற்காக எல்லோருடைய முடிவுகளையும் டெம்ப்பிலிருந்து திரட்டுவேன். இனி எங்கிருந்து எடுப்பது?

பதில் 1 (சிஸ்டம் அட்மின், பெருங்குடி)

ரூட்டாக நுழைந்து டெம்ப்-இன்ஸ்ட் கோப்புறைக்குள் போங்கள் மேடம். 0000 அனுமதி ரூட்டைத் தடுக்காது. 'யூசர்' முறை என்பதால் உள்ளே ஒவ்வொரு மாணவரின் லாகின் பெயரிலும் ஒரு கோப்புறை இருக்கும். இப்போது எந்த முடிவு யாருடையது என்பது கோப்புறைப் பெயரிலேயே தெரிந்துவிடும். இந்தக் கோப்புறை சர்வரை மறுதொடக்கம் செய்தாலும் தானாகக் காலியாகாது. அதனால் ஒரு பேட்சின் முடிவுகளை எடுத்து வைத்த பிறகு, மாணவர்கள் எல்லோரும் வெளியேறிவிட்டார்களா என்று பார்த்துவிட்டு, அடுத்த பேட்ச் வருவதற்குள் துடைத்துவிடுங்கள்.