ஆபீஸ் கம்ப்யூட்டரில் ரகசியக் கோப்புகள்: பிட்லாக்கர் போதுமா, வெராகிரிப்ட் வேண்டுமா?

கணக்குப்பிள்ளை:
ஆடிட்டர் ஆபீஸில் வேலை. வாடிக்கையாளர்களின் பான், ஆதார் நகல், சம்பளப் பட்டியல் எல்லாம் என் கம்ப்யூட்டரில்தான் இருக்கின்றன. விண்டோஸ் 11 ப்ரோ. நான் வெளியே போனால் இன்னும் இருவர் அதில் உட்காருவார்கள். சிஸ்டம் பார்க்க வருபவர், விண்டோஸோடு வரும் டிரைவ் பூட்டான பிட்லாக்கர் போட்டால் போதும் என்கிறார். கூட வேலை செய்யும் பையன், கோப்புகளைப் பூட்டும் தனி மென்பொருளான வெராகிரிப்ட்தான் என்கிறான். எதைப் போடலாம்?

சாவிக்கொத்து:
பிட்லாக்கர்தான், யோசிக்கவே வேண்டாம். ப்ரோவிலேயே இருக்கிறது, தனிக் காசு இல்லை. முழு டிரைவும் பூட்டப்படுவதால் தற்காலிகக் கோப்புகள், ரீசைக்கிள் பின், பேஜ்ஃபைல் (நினைவகத்தில் இருப்பதை விண்டோஸ் டிரைவில் எழுதிவைக்கும் கோப்பு) எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். ஒரு ஃபோல்டரை மட்டும் பூட்டுகிறவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். 7-ஜிப் என்ற கோப்புச் சுருக்கியில் பாஸ்வேர்ட் போட்டு வைத்த எக்ஸெல்லை அப்படியே திறந்தால், அது முதலில் டெம்ப் ஃபோல்டரில் பூட்டில்லாமல் விரிந்துதான் திறக்கும்.

மின்மினி:
சார், கேள்வியை இன்னொரு முறை படியுங்கள். அதே கம்ப்யூட்டரில் இன்னும் இருவர் உட்காருகிறார்களாம். விண்டோஸ் திறந்து ஓடிக்கொண்டிருக்கும்போது பிட்லாக்கர் யாரையும் எதுவும் கேட்காது. டிரைவைக் கழற்றிக்கொண்டு போகிறவனுக்குத்தான் அது பூட்டு, பக்கத்து நாற்காலிக்காரருக்கு இல்லை. வெராகிரிப்ட்டில் ஒரு 5 ஜிபி கன்டெய்னர், அதாவது பல கோப்புகளை உள்ளே வைத்துப் பூட்டும் ஒரு பெட்டிக் கோப்பு, போதும். பாஸ்வேர்ட் கொடுத்தால் தனி டிரைவாக வரும், வேலை முடிந்ததும் டிஸ்மவுன்ட் செய்து (மூடிப் பூட்டி)விட்டு டீ குடிக்கப் போகலாம்.

சாவிக்கொத்து:
ஆளுக்கொரு லாகின் எதற்கு இருக்கிறது? மூன்று பேரும் ஒரே லாகினில், அதுவும் அட்மின் உரிமையோடு உட்கார்ந்தால் எந்தக் கன்டெய்னரும் காப்பாற்றாது. தட்டும் எழுத்தையெல்லாம் பதிவு செய்யும் ஒரு கீலாகர் போட்டால் உங்கள் பாஸ்வேர்டும் சேர்ந்தே போகும். அப்புறம், வெராகிரிப்ட்டின் தாயான ட்ரூகிரிப்ட் 2014 மே மாதம் கடையை மூடும்போது, அவர்கள் தளமே பிட்லாக்கருக்கு மாறச் சொன்னது.

மின்மினி:
பாதிக் கதையோடு நிறுத்திவிட்டீர்கள். ட்ரூகிரிப்ட்டின் நிரலிலிருந்து வெராகிரிப்ட் 2013லேயே பிரிந்துவிட்டது. 2016ல் குவார்க்ஸ்லாப் என்ற பாதுகாப்பு நிறுவனம் அதைத் தணிக்கை செய்து ஓட்டைகளை வெளிப்படையாகப் பட்டியலிட்டது, பெரும்பாலானவை 1.19 பதிப்பில் அடைபட்டன. பிட்லாக்கரின் நிரலை நீங்களோ நானோ பார்க்க முடியுமா? பின் நம்பர் (PIN) இல்லாமல், சாவியைக் காத்து வைக்கும் டிபிஎம் (TPM) என்ற பகுதியை மட்டும் நம்பிய ஒரு பழைய லெனோவோ மடிக்கணினியில், 2024ல் ஒருவர் ராஸ்பெர்ரி பை பிகோ என்ற குட்டி மின்னணுப் பலகையை வைத்து ஒரு நிமிடத்துக்குள் சாவியை எடுத்துக் காட்டினார்.

சாவிக்கொத்து:
அந்த மடிக்கணினியில் டிபிஎம் தனிச் சில்லு. அதற்கும் ப்ராசசருக்கும் நடுவே ஓடுகிற கம்பியில் ஒட்டுக்கேட்டார். இப்போது பல கணினிகளில் அது ப்ராசசருக்குள்ளேயே இருக்கிறது. பயமாக இருந்தால் விண்டோஸ் அமைப்புகளை மாற்றும் குரூப் பாலிசியில் போய், கம்ப்யூட்டரைப் போடும்போதே பின் நம்பர் கேட்க வையுங்கள். சம்பளப் பட்டியலைத் திருட யாரும் சால்டரிங் அயர்ன் எடுத்துக்கொண்டு வரப்போவதில்லை!

ஃபைல்அக்கா:
ஒரு சின்ன ஆபீஸின் நிர்வாகம் பார்ப்பவள் நான். நீங்கள் இருவரும் பூட்டைப் பற்றியே பேசுகிறீர்கள், என் கவலை சாவி. ஊழியர் தன் இஷ்டத்துக்குக் கன்டெய்னர் போட்டுவிட்டு வேலையை விட்டுப் போனால், ரிட்டர்ன் கடைசித் தேதியில் நான் யாரைக் கேட்பது? பிட்லாக்கரில் 48 இலக்க ரெக்கவரி கீ உண்டு, அச்செடுத்து லாக்கரில் வைத்துவிடலாம். யாருடைய சொந்த மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்டிலும் அது போய் உட்காராமல் பார்த்துக்கொள்ளுங்கள். இது வாடிக்கையாளர் தரவு. 2023ம் வருடத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், பாதுகாப்பு ஏற்பாட்டில் கோட்டை விட்டால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை என்று இருக்கிறது. முதலாளிக்குத் தெரியாமல் ஒரு பூட்டும் வேண்டாம்.

மின்மினி:
நியாயம் அக்கா. ஆனால் வெராகிரிப்ட்டிலும் வழி இருக்கிறது. கன்டெய்னரை நீங்களே உங்கள் பாஸ்வேர்டில் உருவாக்கி, அதன் ஹெடரை (பாஸ்வேர்டால் பூட்டிய சாவி இருக்கும் தலைப்பகுதியை) பேக்கப் எடுத்துவிட்டு ஊழியரிடம் கொடுங்கள். அவர் பாஸ்வேர்டை மாற்றிக்கொள்ளட்டும். நாளைக்கு அவர் போய்விட்டால், பழைய ஹெடரைத் திருப்பி ஏற்றினால் உங்கள் பாஸ்வேர்டே திறக்கும்.

ஃபைல்அக்கா:
இதை எத்தனை ஆபீஸில் செய்கிறார்கள் தம்பி?

கணக்குப்பிள்ளை:
ஃபோல்டர் ப்ராப்பர்ட்டீஸிலேயே மறையாக்கத்துக்கு (என்கிரிப்ஷன்) ஒரு டிக் இருக்கிறதே, அது போதாதா? எக்ஸெல்லில் ப்ரொடெக்ட் ஷீட்டும் இருக்கிறது.

சாவிக்கொத்து:
ப்ரொடெக்ட் ஷீட் மறையாக்கமே இல்லை, கை தவறி செல்லை மாற்றாமல் இருக்கத்தான். எக்ஸெல்லைத் திறக்கவே பாஸ்வேர்ட் கேட்கும்படி போடுவது வேறு, அது நிஜமான மறையாக்கம். ஃபோல்டர் டிக் என்பது இஎஃப்எஸ் (EFS), உங்கள் லாகினோடு கட்டிய விண்டோஸ் மறையாக்கம். அதன் சாவி இருக்கும் சான்றிதழை பேக்கப் எடுக்காமல் வைத்திருந்து, யாராவது அட்மின் உங்கள் லாகின் பாஸ்வேர்டை ரீசெட் செய்தால் கோப்புகள் உங்களுக்கே திறக்காது.

கணக்குப்பிள்ளை:
சரி. முதலாளியிடம் கேட்டு பிட்லாக்கர், ஆளுக்கொரு லாகின். சம்பளப் பட்டியலுக்கு மட்டும் கன்டெய்னர், அக்கா சொன்னபடி சாவி அவரிடமும் இருக்கும்.

மின்மினி:
வெள்ளிக்கிழமை பேக்கப் எதில் எடுக்கிறீர்கள்? பிட்லாக்கர் டிரைவிலிருந்து சாதாரண ஹார்ட் டிஸ்க்குக்குக் காப்பி செய்தால் கோப்பு பூட்டில்லாமல்தான் போகும். கன்டெய்னர் அப்படியே பூட்டோடு போகும்.

சாவிக்கொத்து:
அந்த ஹார்ட் டிஸ்க்குக்கும், வெளி டிரைவுகளுக்கான பிட்லாக்கர் டு கோ போடலாம்.

கணக்குப்பிள்ளை:
இப்போது அது மேஜை டிராயரில் சும்மா கிடக்கிறது. நாளைக்கு முதல் வேலை அதுதான்.