புதுப்பிப்பு: பொங்கல் லீவுக்கு அப்புறம் நோட்டைத் தொடாத பையன்

போன வாரம் இங்கே புலம்பியிருந்தேன், அரையாண்டு விடுமுறை முடிந்து ஒரு வாரம் ஒழுங்காகப் போனவன், போகி முதல் உழவர் திருநாள் வரை பாட்டி வீட்டில் ஆட்டம் போட்டுவிட்டு வந்ததும் நோட்டைத் தொடவே மாட்டேன் என்கிறான் என்று. சரி, நீங்கள் சொன்னபடி முதலில் தூக்கத்தைத்தான் பிடித்தேன். ஒரேயடியாக ஒன்பது மணிக்குப் படு என்றால் நடக்கிற காரியமா? தினம் கால் மணி நேரம் முன்னால் விளக்கை அணைத்தேன், நான்காம் நாள் அவனே ஆறரைக்கு எழுந்து பல் தேய்க்கப் போனான். படிப்பு இருபது நிமிடம்தான், அதுவும் அவனுக்குப் பிடித்த கணக்கிலிருந்து. அட்டவணை எழுதி ஒட்டும் யோசனை மட்டும் எடுபடவில்லை, அதன் பின்பக்கம் இப்போது ஜல்லிக்கட்டுக் காளை நிற்கிறது. ‘நான் கொண்டாடிய பொங்கல்’ கட்டுரை இன்னும் பாக்கி. இரண்டு வரி ஆகியிருக்கிறது, மூன்றாவது வரி கரும்பு தின்று நாக்கு புண்ணானதைப் பற்றியாம்.