டை இங்க் பிரிண்டரில் பிக்மென்ட் ஊற்றியவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

காரைக்குடி ஸ்டுடியோ:

என் கடைக்கு எதிரே ஒரு மளிகைக் கடை. கல்லாவுக்கு மேலே கடைக்காரரின் அப்பா படம். 2017-ல் நான்தான் அடித்து ஃபிரேம் போட்டுக் கொடுத்தேன். சாயங்கால வெயில் நேராக அதன் மேல் விழும். மூன்று வருடத்தில் நீலம் ஓடிப்போய் முகம் செம்மஞ்சளாகிவிட்டது. "தம்பி, அப்பா முகம் வெளுத்துக்கிட்டே வருதுப்பா" என்று அவர் சொன்னபோது எனக்குப் பதில் வரவில்லை. அந்தப் படத்துக்கு மாலை போட்டுக் கும்பிடுகிறார்கள்.

டை இங்க்கில் சாயம் தண்ணீரில் முழுக்கக் கரைந்திருக்கும். வெயிலும் காற்றில் உள்ள ஓசோனும் அந்தச் சாயத்தைச் சீக்கிரம் அரித்துவிடும். பிக்மென்டில் நிறம் நுண்ணிய துகளாக மிதக்கிறது. துகளின் மேற்பரப்பு அடிபட்டாலும் உள்ளே நிறம் மிச்சமிருப்பதால் வெளுப்பது மெதுவாக நடக்கும். பிக்மென்டுக்கென்றே செய்த புது பிரிண்டர் வாங்கும் வசதி அப்போது எனக்கு இல்லை. இருந்ததோ ஆறு கலர் டேங்க் மெஷின். இங்க்கைப் பேப்பரில் தெளிக்கும் அதன் ஹெட் பீசோ வகை, இங்க்கைச் சூடாக்காமல் அழுத்தியே தள்ளும். அந்தத் தைரியத்தில்தான் இறங்கினேன்.

டேங்கில் இருந்த பழைய இங்க்கை சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்தேன். டிஸ்டில்டு வாட்டர் விட்டு, குழாயில் வெறும் தண்ணீர் வரும்வரை ஓட்டினேன். இதில் அவசரப்படவே கூடாது. டையும் பிக்மென்டும் குழாய்க்குள் கலந்தால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளக்கூடும், திரண்டால் ஹெட் அடைக்கும். லைட் சியான், லைட் மெஜந்தா உட்பட ஆறு நிறத்துக்கும் பிக்மென்ட் தேடி வாங்கினேன். அந்த இரண்டில் வழக்கமான அடர் நிறத்தை ஊற்றிவிட்டால் தோல் நிறம் தேறாது.

முதல் பிரிண்டைப் பார்த்ததும் மனசு உடைந்துவிட்டது. தோலில் பச்சை வாடை, கறுப்பு சாம்பலாக நின்றது. கம்ப்யூட்டரிலிருந்து பிரிண்டரை ஓட்டும் டிரைவரில் இருக்கும் நிறக் கணக்கு கம்பெனி டை இங்க்குக்காகப் போட்டது, பிக்மென்டுக்கு அது பொருந்தாது. டிரைவரில் கலர் கரெக்‌ஷனை அணைத்து, நிறக் கட்டங்கள் நிறைந்த கலர் சார்ட் அடித்து, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, அளக்கும் கருவி வைத்திருந்த நண்பரிடம் கொடுத்து ஐசிசி ப்ரொஃபைல், அதாவது இந்த இங்க்குக்கும் பேப்பருக்கும் ஏற்ற நிறக் கணக்கு ஃபைல், செய்து வாங்கினேன். பேப்பர் ஒவ்வொன்றுக்கும் தனி ப்ரொஃபைல். அதன் பிறகுதான் முகம் முகமாக வந்தது.

பளபளக்கும் க்ளாஸி பேப்பரில் இன்றுவரை எனக்குத் திருப்தி இல்லை. துகள் பேப்பருக்குள் இறங்காமல் மேலேயே உட்காருகிறது. சாய்த்துப் பார்த்தால் கறுப்பு முடியில் செம்புப் பளபளப்பு தெரியும், இங்க் விழாத வெள்ளை இடம் தனியாக மின்னும். 2004-ல் வந்த எப்சன் ஆர்800-இல் இதற்கென்றே நிறமில்லாத க்ளாஸ் ஆப்டிமைசர் என்ற பூச்சு வைத்தார்கள். நம் டை மெஷினில் அதற்கு இடமே கிடையாது. அதனால் பிக்மென்டை மின்னாத மேட், லேசாக மின்னும் லஸ்டர் பேப்பருக்கு மட்டும் வைத்துக்கொண்டேன்.

ஒரே படத்தை இரண்டு இங்க்கிலும் அடித்து, பாதியைக் கறுப்பு அட்டையால் மூடி, மேற்குப் பார்த்த ஜன்னலில் ஆறு மாதம் ஒட்டி வைத்தேன். டை படத்தில் மூடிய பாதிக்கும் திறந்த பாதிக்கும் நடுவே கோடு போட்டதுபோல் வித்தியாசம். பிக்மென்டில் அந்தக் கோட்டைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. அன்றைக்கே மளிகைக் கடைக்காரருக்குப் புதிதாக அடித்து மாட்டிக் கொடுத்தேன், காசு வாங்கவில்லை.

நாகர்கோவில்:

அண்ணே, நான் செய்தது சூட்டில் இங்க்கைத் தள்ளுகிற ஹெட் உள்ள மெஷினில். உள்ளே இருக்கும் ஹீட்டர் மைக்ரோ செகண்ட் கணக்கில் 300 டிகிரி வரை போகும். அந்தச் சூட்டுக்கு ஏற்றபடி செய்யாத பிக்மென்டை ஊற்றினேன். இரண்டு மாதத்தில் மெஜந்தா நின்றது, அடுத்த வாரம் கறுப்பு. ஹெட்டைக் கழற்றி வெந்நீரில் ஊறவைத்தும் பலனில்லை, ஹீட்டர் மேல் படிந்தது போகவே இல்லை. மெஷின் எந்த வகை என்று பார்க்காமல் ஊற்றியது என் தப்பு. தங்கை கல்யாண ஆல்பம் பாதியில் நின்றதுதான் இன்னும் உறுத்துகிறது.

வேளச்சேரி:

2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் வீட்டில் இடுப்பளவு தண்ணீர். லேபில் கழுவிய பழைய படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன, காயவிடாமல் நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்ததில் நிறைய மீண்டன. நான் வீட்டில் டை இங்க்கில் அடித்த என் மகளின் முதல் பிறந்தநாள் படங்கள் ஊதாத் தண்ணீராக வழிந்தன. ஃபைல் இருந்த கம்ப்யூட்டரும் மூழ்கிவிட்டது. அதற்குப் பிறகு பிக்மென்ட் தவிர வேறெதிலும் அடிப்பதில்லை. அடித்ததன் மேல் ஈர விரலை வைத்துத் தேய்த்துப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது.

ஈரோடு:

நான் பிக்மென்டில் மூன்று வருடம் ஓட்டிவிட்டு டைக்கே திரும்பியவன். என் வேலை பாஸ்போர்ட் படமும் க்ளாஸி 4x6-உம். கறுப்பின் ஆழம் டையில்தான் எனக்குக் கிடைக்கிறது. பிக்மென்டில் பொங்கலுக்கு ஐந்து நாள் கடை பூட்டினால் திறக்கும் அன்று, ஹெட்டின் துளைகள் அடைத்திருக்கிறதா என்று பார்க்கும் நாசில் செக்கில் பாதிக் கோடு காணாமல் போயிருக்கும். க்ளீனிங் மேல் க்ளீனிங் கொடுத்ததில் கழிவு இங்க்கை உறிஞ்சும் வேஸ்ட் பேடும் சீக்கிரம் நிரம்பிவிட்டது. தினமும் மேட் பேப்பரில் பெரிய படம் அடிப்பவருக்கு இது சரிவரும். எனக்கு வரவில்லை.

காரைக்குடி ஸ்டுடியோ:

ஈரோடு அண்ணன் சொல்வது சரி. நான் ஞாயிற்றுக்கிழமையும் கடைக்குப் போய் ஆறு நிறத்திலும் ஒரு பட்டை அடித்துவிட்டுத்தான் வருவேன். துகள் அடியில் தங்கும் என்பதால் பாட்டிலை நன்றாகக் குலுக்கி, டேங்கில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஊற்றுகிறேன். வாரம் ஒருமுறை ஹெட்டைத் துடைக்கும் ரப்பர் வைப்பரையும் ஹெட் வந்து உட்காரும் கேப்பையும் ஈரப் பஞ்சால் துடைக்க வேண்டும். அங்கே கறுப்பாகக் கூழ்போல் படியும், விட்டுவிட்டால் வைப்பரே அதை ஹெட்டில் பூசிவிடும்.

திண்டுக்கல்:

அண்ணே, நேற்றுதான் மாற்றினேன். உங்களைப் போலவே முகமெல்லாம் பச்சை. அளக்கும் கருவி இந்தப் பக்கம் யாரிடமும் இல்லை.

காரைக்குடி ஸ்டுடியோ:

கரெக்‌ஷனை அணைத்துவிட்டு சார்ட்டை அடியுங்க தம்பி. 24 மணி நேரம் காயட்டும். மடிக்காமல் இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்துக் கூரியரில் போடுங்க, பேப்பர் பேரைப் பின்னால் எழுதிவிடுங்க. நண்பரிடம் கொடுத்து அளந்து வாங்கி அனுப்புகிறேன்.